பூ மழைக்கு முந்தைய வறட்சி

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவர் ஞானஸ்நானம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் ஜெபிக்க உட்கார்ந்தாலே கண்ணீரும் மகிழ்ச்சியும் தாமாக வந்தன. இப்போது வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. சபையில் சிலர் உபவாசத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். சிலர் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். வேதம் விசுவாச வாழ்க்கையைப் பயிருக்கு ஒப்பிடுவதால், பயிரை அறிந்தவர் என்ற முறையில் என்னிடம் இரண்டு கேள்விகள் வைக்கிறார்: நான் வளர்கிறேனா, காய்ந்துகொண்டிருக்கிறேனா என்பதை எப்படி அறிவது? இந்த நிலையில் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைத் தொடரலாமா?

தம்பி, ஓமலூர்ப் பக்கத்து மேட்டுக்காட்டில் அப்பாவோடு களை வெட்டி வளர்ந்தவன் நான். கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்துவருகிறேன். அதே காலம் முழுவதும் எங்கள் சபையில் வேதபாட வகுப்பும் நடத்தி வந்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் வறட்சி எனக்கும் வந்திருக்கிறது. ஒரு முறை அது நான்கு ஆண்டுகள் நீடித்தது. ஆகவே உங்கள் கேள்வியை நான் வெளியே நின்று பார்த்துப் பதில் எழுதவில்லை.

காப்பிச் செடி பூக்க மழை வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. அந்த மழைக்கு முன்னால் அதற்கு வறட்சியும் வேண்டும் என்பது தோட்டத்தில் கிடப்பவர்களுக்குத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பழம் பறித்து முடித்தபின், தை மாசியில் கொப்புகளின் கணுக்களில் மொட்டுகள் கட்டும்; ஓர் அளவு வரை வளரும்; பிறகு அப்படியே உறங்கிவிடும். மண்ணில் ஈரம் குறைந்து, செடி தாகத்தை உணர்ந்த பிறகுதான் அந்த உறக்கம் கலைவதற்கு ஆயத்தமாகிறது. பங்குனியிலோ சித்திரையிலோ ஓர் அங்குலம் அளவுக்கு மழை இறங்கினால், எட்டிலிருந்து பத்து நாட்களுக்குள் மலைச்சரிவு முழுவதும் ஒரே வேளையில் மல்லிகை மணத்தோடு வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். இதைத்தான் பூ மழை என்கிறோம். ஈரம் அற்றுப்போகாமல் ஆண்டு முழுவதும் நனைந்துகொண்டே இருக்கும் நிலத்தில் காப்பி இப்படி ஒருமிக்கப் பூப்பதில்லை. இன்று நாலு பூ, அடுத்த மாதம் நாலு பூ என்று சிதறிப் பூத்து, பழமும் சிதறிப் பழுக்கும்.

மாசி மாதத்தில் என் தோட்டத்தைப் பார்க்க வரும் சேலத்து உறவினர்கள், இலை தொங்கி நிற்கும் செடிகளைப் பார்த்து, ‘தண்ணீர் விடக்கூடாதா’ என்று இரக்கத்தோடு கேட்பார்கள். அவர்கள் பார்ப்பது உண்மையான வறட்சிதான். செடிக்கு அது வருத்தமாகவும் இருக்கும். ஆனால் அந்த வருத்தத்துக்குள்ளேதான் மொட்டு தன் காலத்துக்குக் காத்திருக்கிறது. யாக்கோபு 5:7 இதே நிலையைத்தான் சொல்கிறது: பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடைய வேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடு காத்திருக்கிறான். அந்த நாட்டில் முன்மாரி என்பது ஐப்பசி கார்த்திகையில் உழுவதற்கு மண்ணை இளக்கும் மழை. பின்மாரி என்பது பங்குனியில் கதிர் முற்றுவதற்கு முன் பெய்யும் மழை. முன்மாரியைக் கண்டவன் பின்மாரிக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பான். அதைத் தன் கையால் வரவழைக்க அவனால் முடியாது. உங்கள் முதல் இரண்டு ஆண்டுகளின் கண்ணீரையும் மகிழ்ச்சியையும் நான் முன்மாரியாகவே பார்க்கிறேன். அது பெய்ததும் உண்மை, நின்றதும் உண்மை. நின்றுபோனதால் பெய்தது பொய்யாகிவிடாது.

மாற்கு 4:26 முதல் 29 வரை ஒரு சிறிய உவமை உண்டு. விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழுகிறான். எப்படி என்று அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது. நிலம் முதலில் முளையையும், பின்பு கதிரையும், பின்பு கதிர் நிறைந்த தானியத்தையும் ‘தானாய்’க் கொடுக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் ‘ஆட்டோமேட்டே’ என்ற சொல் நிற்கிறது. விவசாயியின் உழைப்பை ஆண்டவர் இங்கே குறைத்துச் சொல்லவில்லை. வளர்ச்சி அவன் உழைப்பினால் உண்டாவதில்லை என்று மட்டுமே சொல்கிறார். காப்பி விதையைப் பாத்தியில் போட்டால் முளைக்க ஏறத்தாழ நாற்பத்தைந்து நாட்கள் ஆகும். முளைக்கும்போது விதையின் ஓட்டைத் தலையில் தொப்பிபோலச் சுமந்துகொண்டு மேலே வரும். அந்தத் தொப்பியை நாம் கையால் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் வித்திலை கிழிந்துபோகும். அது தானாகக் கழன்று விழும்வரை பார்த்துக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை. நட்ட செடி முதல் மகசூல் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆறு ஆண்டு விசுவாசியைப் பார்த்து, இன்னும் காய்க்கவில்லையே என்று அவசரப்படுகிறவர்கள் எந்தப் பயிரைக் கணக்கில் வைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக்கொடி வேறு, காப்பிச் செடி வேறு.

இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு அரைப் பதில்தான் சொன்னவனாவேன். எல்லா வாட்டமும் பூ மழைக்கு முந்தைய வாட்டம் அல்ல. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிக்கு உள்ள பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அது முதன்மைத் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு உள்ளே நுழைந்து மரத்தைத் துளைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். வெளியே செடி மஞ்சளாகி வாடும். தூரத்திலிருந்து பார்த்தால் மாசி வாட்டமும் இந்த வாட்டமும் ஒன்றுபோலவே தோன்றும். அருகே போய்த் தண்டைக் கையால் தடவிப் பார்த்தால் பட்டையில் வரப்புபோல மேடுகள் தட்டுப்படும்; அப்போது தெரிந்துவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. தாகத்தால் தொங்கும் செடி ஒரு மழையில் நிமிர்ந்துவிடும். துளைப்பான் புகுந்த செடிக்கு எத்தனை மழை பெய்தாலும் நிமிர்ச்சி வராது.

ஆகவே உங்களை நீங்களே தடவிப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் உணர்வு அல்ல. ஜெபத்தில் கண்ணீர் வருகிறதா என்று பார்க்காதீர்கள், அது இலை. தண்டு எங்கே இருக்கிறது என்றால், நீங்கள் அறிந்தே ஒத்திப்போட்டுவரும் கீழ்ப்படிதல் ஏதாவது உண்டா என்பதில் இருக்கிறது. திருப்பித் தராத கடன், பேசாமல் விட்ட அண்ணன், பூட்டிவைத்த கைப்பேசியில் யாருக்கும் காட்ட முடியாத ஒன்று, கூலி கொடுக்க வேண்டியவருக்குக் குறைத்துக் கொடுத்தது என்று பெயர் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று கையில் தட்டுப்பட்டால், அது துளைப்பான். அதற்கு உபவாசத்தைக் கூட்டுவது மருந்தல்ல. துளைத்த செடிக்கு உரம் வைத்து யாரும் காப்பாற்றியதில்லை. அந்த ஒன்றையே அறிக்கையிட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்படி எதுவும் தட்டுப்படவில்லை என்றால், ‘மறைவான பாவம்’ என்று பெயரில்லாமல் பொதுவாகச் சொல்கிறவர்களின் வார்த்தையை மனத்தில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தோண்டாதீர்கள். பரிசுத்த ஆவியானவர் கண்டித்து உணர்த்தும்போது காரியம் பெயரோடு தெரியும் என்பது நான் கண்டது. பெயரில்லாத குற்றவுணர்வை நான் நம்புவதில்லை.

இப்படித் தன்னைத்தானே ஓயாமல் கிளறிக்கொண்டிருப்பவர்களுக்காகவே ஏசாயா 28-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி எழுதப்பட்டதோ என்று நான் நினைப்பதுண்டு. பிரசங்கங்களில் அது அபூர்வமாகவே வருகிறது. உழுகிறவன் விதைப்பதற்காக நாள் முழுவதும் உழுதுகொண்டே இருப்பானா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். நிலத்தைச் சமப்படுத்தியபின் விதைக்க வேண்டியதை விதைக்கிறான். சீரகத்தின்மேல் வண்டியின் உருளையை ஓட்டாமல் கோலால் தட்டி எடுக்கிறான். இந்தப் பக்குவத்தை அவனுக்குத் தேவனே கற்பிக்கிறார் என்று அந்தப் பகுதி சொல்கிறது. எங்கள் செவ்வல் மண்ணைக் கோடையில் இரண்டு சால் உழுதால் போதும். திரும்பத் திரும்ப உழுதால் மண் புழுதியாகி, முதல் மழையிலேயே மேல்மண் அடித்துக்கொண்டு போகும். தரிசு நிலத்தைப் பண்படுத்துங்கள் என்று ஓசியா 10:12 சொல்வதும் உண்மை. ஆனால் பண்படுத்துதல் விதைப்புக்காக. உங்களுக்கு உழவு நடந்து முடிந்திருக்கிறது, தம்பி.

நிழலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துளைப்பான் வண்டுக்கு வெயில் பிடிக்கும். நிழல் மரங்களை வெட்டிவிட்டுக் காப்பியைத் திறந்த வெளியில் நிறுத்திய தோட்டங்களில்தான் அது மிகுதியாகப் பெருகும். அதனால்தான் சவுக்கு மரத்தையும் கல்யாண முருங்கையையும் பலாவையும் காப்பிக்கு மேலே நிறுத்துகிறோம். சில்வர் ஓக்கைத்தான் எங்கள் மலையில் சவுக்கு என்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக நீங்கள் யாருடைய நிழலில் நிற்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியில் எங்கும் சொல்லவில்லை. உபவாசிக்கச் சொன்னவர்களும் பாவம் என்று சொன்னவர்களும் ஆலோசனை தந்தார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கதையை முழுவதும் கேட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா? முப்பது நாற்பது ஆண்டுகள் விசுவாசத்தில் நின்று, இழப்பும் வறட்சியும் கண்டு, இன்னும் மென்மை மாறாத ஒரு மூத்தவரைத் தேடுங்கள். உங்கள் சபையிலேயே மேடை ஏறாத ஒரு பாட்டியாக அவர் இருக்கக்கூடும். நிழலும் அளவோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளைகளை ஆண்டுதோறும் கழித்துவிடாமல் இருள் கவிந்துவிட்டால் காப்பி பூக்காது. தானே வேதத்தைத் திறந்து தேவனோடு நேரே நிற்கப் பழகாமல், எல்லாவற்றையும் ஒரு போதகரிடமே கேட்டு வாழ்கிறவர்களுக்கு நேர்வது அதுதான்.

நீங்கள் குச்சிக்கிழங்குக் காட்டுப் பிள்ளை; ஆகவே இதை நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் செடி ஆள் உயரத்துக்கு மேல் போகும், இலை கருகருவென்று இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் அளவுதான் இருக்கும். கிழங்கு பெருக்கச் சாம்பல் சத்து வேண்டும். நம் நாட்களில் செய்திகளைக் கேட்பதற்குக் குறைவே இல்லை. காலையில் ஒருவர், பேருந்தில் ஒருவர், படுக்கும்போது ஒருவர் என்று கைப்பேசியில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பது தழைச்சத்து. கேட்டவற்றில் ஒன்றையாவது அன்றைக்கே செய்வதுதான் சாம்பல் சத்து. வறட்சி வந்ததும் இன்னும் நான்கு பேருடைய செய்தியைத் தேடிக் கேட்பது, இலைக்கு உரம் போட்டுவிட்டுக் கிழங்கை எதிர்பார்ப்பதாகும்.

இனி, கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிச் சீர்செய்வது. யோவான் 15:2 நமக்கு மனப்பாடம்: கனி கொடுக்கிற கொடியை அவர் மிகுந்த கனி கொடுக்கும்படி சுத்தம் பண்ணுகிறார். அடுத்த வசனத்தில், நான் சொன்ன உபதேசத்தினால் நீங்கள் ஏற்கெனவே சுத்தமாயிருக்கிறீர்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். கிரேக்கத்தில் இந்த இரண்டு ‘சுத்த’மும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வருகின்றன. ஆகவே கவாத்து என்றதும் நோயும் நஷ்டமும் மட்டுமே நினைவுக்கு வர வேண்டியதில்லை. வசனமே அரிவாளாக வேலை செய்கிறது.

காப்பியில் கவாத்து செய்கிறவனுக்குக் கை தயங்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, தண்டிலிருந்து நேர்க்குத்தாக மேலெழும் சிம்பு. செடியிலேயே அதுதான் மிகவும் கொழுத்து, பளபளப்பாக, வேகமாக வளரும். ஆனால் காப்பி பூப்பது பக்கக் கொப்புகளில்தான், இந்தச் சிம்பில் அல்ல. சாற்றை இது குடித்துவிடுவதால், கண்டவுடன் கிள்ளிவிடுகிறோம். என் வாழ்க்கையில் இப்படி ஒரு சிம்பு இருந்தது: கூட்டங்களில் பேச அழைக்கப்படுவது. வெளியூர்களிலிருந்து அழைப்பு வந்தபோது நான் வளர்வதாகவே எல்லாரும் எண்ணினார்கள், நானும் எண்ணினேன். வீட்டில் என் மனைவியோடும் பிள்ளைகளோடும் எனக்கிருந்த பொறுமை அந்த ஆண்டுகளில்தான் வற்றிப்போனது. உடல்நலக் குறைவால் அந்தப் பயணங்கள் நின்றபோது, தேவன் என்னை ஒதுக்கிவிட்டார் என்று அழுதேன். அது ஒதுக்குதல் அல்ல என்று விளங்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது இடம் இதைவிடக் கடினமானது. காப்பி, சென்ற ஆண்டு வளர்ந்த கொப்பில்தான் இந்த ஆண்டு காய்க்கும். ஒரு முறை காய்த்த கணு மறுபடியும் நன்றாகக் காய்ப்பதில்லை. ஆகவே அறுவடைக்குப் பின், நமக்கு நல்ல பலன் கொடுத்த பழைய கொப்புகளையே வெட்டிப் புதிய தளிருக்கு இடம் விடுகிறோம். வெட்டப்படும் கொப்பு எந்தக் குற்றமும் செய்யவில்லை. அது உண்மையாகவே காய்த்தது. உங்கள் முதல் இரண்டு ஆண்டுகளின் ஜெப அனுபவம் அப்படிக் காய்த்து முடிந்த கொப்பாக இருக்கலாம். அதே கண்ணீர் அதே விதமாகத் திரும்ப வேண்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். தளிரோ வேறு இடத்தில் வந்துகொண்டிருக்கும். கலாத்தியர் 5:22 பட்டியலிடும் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை ஆகியவற்றைப் பவுல் ‘கனி’ என்று ஒருமையில் எழுதுகிறார். அந்தக் கனி உங்களிடம் உண்டா என்பதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் தாயாரைக் கேளுங்கள். காட்டில் உங்களோடு களை எடுக்கும் ஆட்களைக் கேளுங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் கோபம் வந்தால் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள். உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள நேரான விடை இதுதான்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விதைப்பு என்ற சொல்லைப் பணக் காணிக்கைக்கு மட்டும் உரியதாக்கி, இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய் என்று பேசுவது நம் பக்கத்தில் பெருகிவிட்டது. வறட்சியில் இருப்பவர்களே அதில் எளிதாக விழுகிறார்கள். விதைக்கிறவன் உவமையில் விதை எது என்று லூக்கா 8:11 தெளிவாகச் சொல்கிறது: தேவனுடைய வசனம். பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்று பவுல் 2 கொரிந்தியர் 9-இல் எழுதியது எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காகச் சேர்த்த உதவியைப் பற்றி. அந்தப் பணம் பசித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் வறட்சிக்குப் பணம் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால், அன்போடு மறுத்துவிட்டு, அந்தப் பணத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு செய்யுங்கள்.

பயிர் ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. பாறைமேல் மண் மெல்லியதாகக் கிடக்கும் நிலம் தன்னைத் தானே ஆழமாக்கிக்கொள்ள முடியாது. துளைப்பான் புகுந்த செடியைத் தோட்டக்காரன் பிடுங்கி எரித்துவிடுகிறான். மனிதன் மனந்திரும்ப முடியும், தேவன் அவனை எரிப்பதற்கு அவசரப்படுகிறவர் அல்லர். லூக்கா 13-இல் மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன், இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று மன்றாடுகிறான். நான் பன்னிரண்டு செடிகளைப் பிடுங்கி எரித்த ஒரு மாலையில் அந்த உவமையைப் படித்தேன். விவசாயிக்கு இல்லாத பொறுமை அந்தத் தோட்டக்காரனிடம் இருக்கிறது.

இனி ஓய்வுநாள் பள்ளி. சேலத்து ஆட்சியராக 1820 முதல் 1829 வரை இருந்த காக்பர்ன் காலத்தில்தான் இந்த மலைக்குக் காப்பி வந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தார் சேலத்தில் ஊழியம் தொடங்கியதும் அதே பத்தாண்டில், 1827-இல். நட்டவர்கள் யாரும் இன்றைய மரங்களையும் இன்றைய சபைகளையும் பார்க்கவில்லை. விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன் என்று யோவான் 4:37 சொல்கிறது. நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வசனத்தின் வீரியம் அன்று காலையில் உங்கள் மனம் ஈரமாக இருந்ததா என்பதைச் சார்ந்ததல்ல. ஆகவே ஈரம் இல்லை என்பதற்காகக் கற்பிப்பதை நிறுத்த வேண்டாம்.

ஆனால் அதோடு வேறு என்னென்ன சுமக்கிறீர்கள் என்று பாருங்கள். இலை குறைவாக இருக்கும் இளஞ்செடியில் காய் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால், கொப்பு நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும்; காயைச் சுமந்தே செடி செத்துப்போவதும் உண்டு. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் கிடைத்தால் பாடகர் குழு, வாலிபர் கூட்டம், சனிக்கிழமை ஜெபம், வீட்டுக் கூட்டம் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றுவது நம் சபைகளின் வழக்கம். அது தவறு என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். பிள்ளைகளின் வகுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றிலிருந்து அடுத்த தை வரை விலகிக்கொள்ளுங்கள். போதகரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் இந்தப் பதிலையே காட்டலாம். அந்த நேரத்தில் மாற்கு நற்செய்தியை ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் போகாமல், உரக்க, மெதுவாக வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அந்த வாரம் வாசித்ததிலிருந்தே ஒரு கதையை எடுத்துச் சொல்லுங்கள். தனியாகத் தயாரிக்க வேண்டாம். சித்திரையில் மழை இறங்கியபின் எட்டாம் ஒன்பதாம் நாளில் ஏற்காட்டுக்கு வந்தால், பூ இரண்டு மூன்று நாட்கள்தான் நிற்கும் என்பதால், புறப்படுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்து வரலாம்.